ஆசனத்தில் அமர்ந்தவரை எழுப்புவது எப்படி? பாதுகாப்பான தொகுதிகளும் பதவிக்கால வரம்பும்

2020ஆம் ஆண்டு பொதுத் தேர்தலில் ஸ்ரீ லங்கா பொதுஜன பெரமுன 145 ஆசனங்களைப் பெற்றது. நான்கு ஆண்டுகள் கழித்து, 2024 நவம்பர் 14ஆம் திகதி நடந்த தேர்தலில் அதே கட்சிக்குக் கிடைத்தவை 3 ஆசனங்கள் மட்டுமே. இருபது, முப்பது வருடங்களாகப் பாராளுமன்றத்தில் இருந்த பலர் தோற்றார்கள். இன்னும் பலர் தோல்வியை முன்கூட்டியே உணர்ந்து வேட்புமனுவே தாக்கல் செய்யவில்லை. தேசிய மக்கள் சக்தி 159 ஆசனங்களுடன் வந்தது.

இதற்குப் பிறகும் ஒரு கோரிக்கை ஓயவில்லை. தேநீர்க் கடையிலும் முகநூலிலும் அடிக்கடி கேட்கிறோம்: "எவரும் இரண்டு தடவைக்கு மேல் எம்.பி.யாக இருக்கக் கூடாது என்று சட்டம் கொண்டு வர வேண்டும்." கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த ஒரு வாக்கியத்துக்குள் மூன்று வெவ்வேறு விடயங்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, பாதுகாப்பான தொகுதி. அதாவது யார் நின்றாலும் இன்ன கட்சிதான், அல்லது இன்ன சமூகத்தவர்தான் வெல்வார் என்று தேர்தலுக்கு முன்பே தெரிந்துவிடும் இடம். இரண்டாவது, பதவியில் இருப்பவருக்கு அந்தப் பதவியே கொடுக்கும் அனுகூலம். மூன்றாவது, இந்த இரண்டுக்கும் மருந்தாகச் சொல்லப்படும் பதவிக்கால வரம்பு. நோய் எது என்று பிரித்தறியாமல் மருந்து கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இந்த நாட்டின் வரலாற்றிலும் வெளிநாடுகளிலும் போதிய உதாரணங்கள் உண்டு.

தொகுதிமுறைக் காலம்

1947ஆம் ஆண்டு முதல் 1977ஆம் ஆண்டு வரை இலங்கையில் தொகுதிவாரித் தேர்தல் முறையே இருந்தது. ஒரு தொகுதியில் அதிக வாக்கு எடுத்தவர் வென்றார். இந்த முறையின் இயல்பு, நாடு முழுவதும் கிடைக்கும் வாக்குக்கும் கிடைக்கும் ஆசனத்துக்கும் இடையில் பெரிய இடைவெளியை உண்டாக்குவது. 1970இல் ஐக்கிய தேசியக் கட்சி நாடளாவிய ரீதியில் ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சியை விடச் சற்றுக் கூடுதலான வாக்குகளைப் பெற்றது. ஆனால் அதற்குக் கிடைத்தது 17 ஆசனங்கள். 1977இல் காற்று மறுபக்கம் வீசியது. ஏறத்தாழ 51 சதவீத வாக்குகளுக்கு ஐ.தே.க. 168இல் 140 ஆசனங்களை எடுத்தது. ஏறத்தாழ 30 சதவீத வாக்குப் பெற்ற சுதந்திரக் கட்சிக்கு 8 ஆசனங்களே மிஞ்சின.

அந்த எட்டில் ஒன்று அத்தனகல்ல. 1947 முதல் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கவின் தொகுதி, பிறகு அவரது மனைவி சிறிமாவோ பண்டாரநாயக்கவின் தொகுதி. நாடே கவிழ்ந்தபோதும் அது கவிழவில்லை. பாதுகாப்பான தொகுதி என்றால் இதுதான். மட்டக்களப்பில் செல்லையா இராசதுரை 1956 முதல் 1977 வரை நடந்த ஒவ்வொரு பொதுத் தேர்தலிலும் வென்றார். கொழும்பு மத்தியில் கம்யூனிஸ்ட் கட்சியின் பீற்றர் கெனமன் 1947 முதல் முப்பது வருடங்கள் உறுப்பினராக இருந்தார். ஆனால் அவர் 1977இல் தோற்றார். பாதுகாப்பு என்பது நிரந்தரமல்ல என்பதற்கு அவரே சாட்சி.

நம் சமூகத்தைப் பொறுத்தவரை இங்கே ஒரு முக்கியமான வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். சமூகத்துக்குப் பாதுகாப்பான தொகுதி வேறு, ஒரு தனிமனிதருக்குப் பாதுகாப்பான தொகுதி வேறு. கல்முனையை எடுத்துக் கொள்ளுங்கள். தொகுதிமுறைக் காலம் முழுவதும் அங்கு முஸ்லிம் ஒருவரே தெரிவாவார் என்பது எல்லோருக்கும் தெரிந்த விடயம். ஆனால் 1947இல் எம்.எஸ். காரியப்பர், 1952இல் ஏ.எம். மீர்ஸா, 1956இல் மீண்டும் காரியப்பர், 1970இல் எம்.சி. அகமது, 1977இல் ஏ.ஆர்.எம். மன்சூர் என்று ஆளும் மாறியது, கட்சியும் மாறியது. சமூகத்தின் பிரதிநிதித்துவம் உறுதியாக இருந்ததால் வாக்காளர்கள் தயக்கமின்றி ஆளை மாற்றினார்கள். "நம்மவர் தோற்றால் வேறொருவன் வந்துவிடுவான்" என்ற பயம் அங்கே இருக்கவில்லை. அந்தப் பயம் இருக்கும் இடத்தில்தான், செய்யாதவரையும் சகித்துக்கொண்டு மீண்டும் அனுப்ப வேண்டிய நிலை வருகிறது. இன்று பல மாவட்டங்களில் நாம் இருப்பது இந்த நிலையில்தான்.

அந்தக் காலத்தில் சிதறி வாழும் சமூகங்களுக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு பல அங்கத்தவர் தொகுதி. 1976ஆம் ஆண்டு எல்லை நிர்ணயத்தின்படி 160 தொகுதிகளுக்கு 168 உறுப்பினர்கள். கொழும்பு மத்திக்கும் நுவரெலியா - மஸ்கெலியாவுக்கும் மும்மூன்று பேர், மட்டக்களப்பு, பொத்துவில், பேருவளை, ஹாரிஸ்பத்துவ ஆகியவற்றுக்கு இவ்விரண்டு பேர். சிறுபான்மையினர் தம் வாக்குகளை ஒருவருக்கே திரட்டிக் கொடுத்தால் இரண்டாவது அல்லது மூன்றாவது இடத்துக்காவது வர முடியும் என்பதே இதன் கணக்கு. கணக்கு பிழைக்கவில்லை. 1977இல் பொத்துவிலில் ஐ.தே.க.வின் ஜலால்தீனும் தமிழர் விடுதலைக் கூட்டணியின் கனகரத்தினமும் தெரிவானார்கள். கொழும்பு மத்தியில் பிரேமதாசவுடன் ஜாபிர் ஏ. காதரும் ஹலீம் இஷாக்கும் தெரிவானார்கள்.

எல்லைக் கோட்டைப் போடுபவருக்கு எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்பதற்கு மலையகம் கசப்பான உதாரணம். 1948ஆம் ஆண்டு பிரஜாவுரிமைச் சட்டத்தின் பின் தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலானோர் வாக்குரிமையை இழந்தனர். ஆனால் தொகுதிகளைப் பிரிக்கும்போது சனத்தொகைக் கணக்கில் அவர்களையும் சேர்த்தே எண்ணினார்கள். ஆட்களை எண்ணித் தொகுதி கொடுக்கப்பட்டது, ஆனால் அந்த ஆட்களுக்கு வாக்கு இல்லை. 1947இல் மலையகத்திலிருந்து தெரிவான இலங்கை இந்தியக் காங்கிரஸ் உறுப்பினர்களில் ஒருவர்கூட 1952 பாராளுமன்றத்தில் இல்லை. அவர்களின் தலைகளால் உருவான ஆசனங்களில் வேறொருவர் அமர்ந்தார்.

அமெரிக்காவில் இந்தத் தந்திரத்துக்கு 1812இலேயே பெயர் வைத்துவிட்டார்கள். மசாசூசெட்ஸ் மாநில ஆளுநர் எல்பிரிட்ஜ் ஜெரி ஒப்பமிட்ட எல்லை வரைபடத்தில் ஒரு தொகுதி சலமாண்டர் என்ற பல்லி போன்ற பிராணியின் உருவத்தில் இருந்தது. பத்திரிகை ஒன்று இரண்டு பெயரையும் ஒட்டி "ஜெரிமாண்டர்" என்று எழுதியது. அந்தச் சொல் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. செயலும்தான்.

பதவி தரும் அனுகூலம்

பாதுகாப்பான தொகுதி வாக்காளரின் தொகையிலிருந்து வருவது. பதவியின் அனுகூலம் கதிரையிலிருந்து வருவது. இரண்டையும் ஒன்றாக நினைப்பது வழமை.

நமது கிராமங்களில் இதை விளக்க அதிகம் சிரமப்படத் தேவையில்லை. பன்முகப்படுத்தப்பட்ட வரவு செலவுத் திட்ட நிதியில் ஒரு கொங்கிரீட் பாதை போடப்படுகிறது. பணம் அரசாங்கத்தின் பணம், அதாவது நாம் பருப்புக்கும் சீனிக்கும் செலுத்திய வரிப்பணம். ஆனால் திறப்பு விழாவில் நாடா வெட்டுபவர் எம்.பி. கல்லில் பொறிக்கப்படுவது அவரது பெயர். பாடசாலைக் கட்டடம், மைதானத்தின் பார்வையாளர் அரங்கு, மீனவர் சங்கத்துக்கு வலை, இளைஞர் கழகத்துக்கு விளையாட்டு உபகரணம் என எல்லாம் இந்த வழிதான். புதிதாகப் போட்டியிடும் ஒருவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் அவரிடம் பொறிப்பதற்குக் கல் இல்லை. எனது வகுப்பில் குடியியற் கல்விப் பாடத்தில் "இந்தப் பாதையை யார் போட்டது?" என்று கேட்டால் பிள்ளைகள் எம்.பி.யின் பெயரைச் சொல்வார்கள். பிரதேச சபை என்றோ, வீதி அபிவிருத்தி அதிகார சபை என்றோ ஒரு பிள்ளையாவது சொன்னால் எனக்கு மகிழ்ச்சி.

இதற்கு மேல் விருப்பு வாக்கு முறை இருக்கிறது. ஒரு மாவட்டத்தில் கட்சிக்கு வாக்களித்து, அந்தப் பட்டியலில் மூவருக்கு விருப்பு வாக்கிடலாம். மாவட்டம் முழுவதும் பெயர் தெரிந்திருக்க வேண்டும், மாவட்டம் முழுவதும் அலைய வேண்டும். அதற்குப் பணமும் ஆட்களும் வாகனமும் தேவை. ஏற்கனவே பதவியில் இருப்பவரிடம் இவை இருக்கின்றன. தேர்தல் செலவினங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் 2023இல்தான் வந்தது. அதுவரை யார் எவ்வளவு செலவழித்தார் என்று கேட்க ஒரு சட்டமும் இருக்கவில்லை.

எனினும் இந்த அனுகூலம் எல்லா நாட்டிலும் எல்லாக் காலத்திலும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்கு மீண்டும் போட்டியிடும் உறுப்பினர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வெல்வது அங்கே சாதாரண விடயம். இலங்கையிலோ 1956 முதல் 1977 வரை நடந்த ஆறு பொதுத் தேர்தல்களிலும் ஆட்சியில் இருந்த தரப்பு தோற்றது. 1956, 1960 மார்ச், 1960 ஜூலை, 1965, 1970, 1977 என்று ஒன்று விடாமல்! அந்தக் காலத்தில் ஆட்சியில் இருப்பது அனுகூலம் அல்ல, சுமை. அரிசி விலை ஏறினால் ஆட்சி போயிற்று.

பிறகு என்ன நடந்தது? 1977இல் வந்த ஐ.தே.க. 17 வருடங்கள் போகவில்லை. மக்கள் திடீரென்று ஆட்சியாளர்களை நேசிக்கத் தொடங்கியதால் அல்ல. விதிகள் மாற்றப்பட்டதால். 1982 ஒக்டோபரில் ஜே.ஆர். ஜயவர்தன ஜனாதிபதித் தேர்தலை முன்கூட்டியே நடத்தி வென்றார். அடுத்து வர வேண்டியது பொதுத் தேர்தல். அதற்குப் பதிலாக 1982 டிசம்பர் 22ஆம் திகதி சர்வஜன வாக்கெடுப்பு வந்தது. பாராளுமன்றத்தின் ஆயுளை ஆறு வருடங்கள் நீடிக்கலாம் என்றால் விளக்கு, கூடாது என்றால் குடம். விளக்கு 54.66 சதவீதம் பெற்றது. 1977இல் தெரிவான பாராளுமன்றம் 1988 டிசம்பர் வரை இருந்தது. முழு நாட்டையும் ஒரே இரவில் பாதுகாப்பான தொகுதியாக்கியது போன்ற வேலை அது. வயதில் மூத்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், குடம் சின்னத்துக்கு வேலை செய்தவர்கள் அன்று என்ன பாடுபட்டார்கள் என்று சொல்வார்கள்.

ஜனாதிபதிப் பதவியும் இரண்டு தடவை வரம்பும்

1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 31(2)ஆம் உறுப்புரை ஒரு நல்ல விடயத்தைச் சொன்னது: மக்களால் இரு தடவை ஜனாதிபதியாகத் தெரிவு செய்யப்பட்டவர் அதன் பிறகு அந்தப் பதவிக்குத் தெரிவு செய்யப்படத் தகுதியற்றவர். பதவிக்காலம் ஆறு வருடங்கள். ஆனால் அதே அரசியலமைப்பின் மூன்றாவது திருத்தம், முதல் பதவிக்காலத்தில் நான்கு வருடங்கள் முடிந்ததும் தான் விரும்பிய நேரத்தில் தேர்தலைக் கேட்கும் உரிமையை ஜனாதிபதிக்குக் கொடுத்தது.

இந்த உரிமையின் பெறுமதியை எண்ணிப் பாருங்கள். ஜே.ஆர். 1982இலும், சந்திரிகா 1999 டிசம்பரிலும், மஹிந்த ராஜபக்ஷ 2010 ஜனவரியிலும் தமது முதல் பதவிக்காலம் முடிய முன்பே தேர்தலுக்குப் போனார்கள். மூவரும் வென்றார்கள். மஹிந்த போரை முடித்து எட்டே மாதங்களில் போனார். ஓட்டப் போட்டியில் ஓடுபவர்களில் ஒருவரே விசிலையும் வைத்திருந்தால் எப்படி இருக்கும்? அதுதான் இது.

2010 செப்டெம்பர் 8ஆம் திகதி 18ஆவது திருத்தம் 161க்கு 17 என்ற வாக்குகளால் நிறைவேறியது. இரு தடவை வரம்பு நீக்கப்பட்டது. அன்று ஆதரவாகக் கை உயர்த்தியவர்களில் ஸ்ரீ லங்கா முஸ்லிம் காங்கிரஸ் உறுப்பினர்களும் இருந்தார்கள். சில மாதங்களுக்கு முன்புதான் அவர்கள் எதிர்க்கட்சிக் கூட்டணியில் போட்டியிட்டு வந்திருந்தார்கள். சமூகத்தின் நலனுக்காக என்று அன்று சொல்லப்பட்டது. அதன் பின்னர் 2014 ஜூனில் அளுத்கமவும் தர்கா நகரும் பற்றி எரிந்தபோது அந்த வாக்கு எதைக் காப்பாற்றியது என்று கேட்காதவர்கள் இல்லை. ஒரு சிறுபான்மைச் சமூகத்துக்குப் பதவிக்கால வரம்பு ஏன் அவசியம் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. பெரும்பான்மையின் வாக்குகளால் மட்டுமே வெல்லக்கூடிய ஒருவர் எல்லையின்றி இருக்கலாம் என்று ஆகும்போது, சிறிய சமூகத்தின் பேரம் பேசும் சக்தி முதலில் கரைகிறது.

2014 நவம்பரில் மஹிந்த மூன்றாம் முறை போட்டியிடத் தடையில்லை என்று உயர் நீதிமன்றம் அபிப்பிராயம் தெரிவித்தது. 2015 ஜனவரி 8ஆம் திகதி தேர்தல். மீண்டும் முன்கூட்டியே. இந்த முறை விசில் உதவவில்லை. மைத்திரிபால சிறிசேன 51.28 சதவீதம் பெற்று வென்றார். மஹிந்தவுக்கு 47.58. அதே ஆண்டு ஏப்ரலில் 19ஆவது திருத்தம் இரு தடவை வரம்பை மீளக் கொண்டு வந்து, பதவிக்காலத்தையும் ஐந்து வருடமாகக் குறைத்தது. எதிராக வாக்களித்தவர் ஒரேயொருவர். 2020இல் 20ஆவது திருத்தம் 19ஆவது திருத்தத்தின் பெரும்பகுதியைத் தூக்கி எறிந்தபோதும் இந்த இரண்டிலும் கை வைக்கவில்லை. கை வைத்திருந்தால் மக்கள் சும்மா இருந்திருக்க மாட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன்.

இனி வரம்பின் மறுபக்கம். 19ஆவது திருத்தத்தின்படி மஹிந்த மீண்டும் ஜனாதிபதித் தேர்தலில் நிற்க முடியாது. 2019இல் அவருடைய தம்பி கோட்டாபய நின்றார். வென்றார். சில நாட்களில் மஹிந்த பிரதமரானார். சட்டம் தனிமனிதரைத் தடுத்தது, குடும்பத்தைத் தடுக்கவில்லை. தடுக்கவும் முடியாது, ஏனென்றால் ஒருவரின் தம்பியாகப் பிறந்ததற்காக எவருடைய உரிமையையும் பறிக்க முடியாது.

பதவியில் இருந்தபடி மீண்டும் மக்களிடம் போன ஜனாதிபதிகள் இதுவரை நால்வர்: ஜே.ஆர்., சந்திரிகா, இரு தடவை மஹிந்த, 2024இல் ரணில் விக்கிரமசிங்க. ஆக ஐந்து போட்டிகள். மூன்றில் வெற்றி, இரண்டில் தோல்வி. ரணில் மக்கள் வாக்கால் வந்தவரல்ல, பாராளுமன்றத்தால் தெரிவு செய்யப்பட்டவர் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எம்.பி.க்களுக்கும் வரம்பு வேண்டுமா?

இப்போது ஆரம்பத்தில் சொன்ன கோரிக்கைக்கு வருவோம். ஜனாதிபதிக்கு இரு தடவை என்றால் எம்.பி.க்கும் ஏன் அப்படி வைக்கக் கூடாது?

இதைச் செய்து பார்த்த நாடுகள் இருக்கின்றன. பிலிப்பைன்ஸின் 1987ஆம் ஆண்டு அரசியலமைப்பு, பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஒருவர் தொடர்ச்சியாக மூன்று தடவைக்கு மேல் இருக்க முடியாது என்கிறது. ஒரு தடவை மூன்று வருடம், ஆக ஒன்பது வருடம். மார்க்கோஸின் நீண்ட ஆட்சிக்குப் பின் நல்ல நோக்கத்துடன் எழுதப்பட்ட விதி. நடந்தது என்னவென்றால், ஒன்பது வருடம் முடிந்ததும் மனைவி நின்றார், அல்லது மகன் நின்றார். கணவர் அந்த மூன்று வருடம் மாகாண ஆளுநராகவோ நகர முதல்வராகவோ இருந்துவிட்டுத் திரும்பி வந்தார். முன்பு ஒரு பதவியில் இருந்த குடும்பம் இப்போது இரண்டு மூன்று பதவிகளில் பரவியது.

மெக்சிக்கோவில் 1930களிலிருந்து பாராளுமன்ற உறுப்பினர்கள் அடுத்தடுத்து இரு தடவை போட்டியிடத் தடை இருந்தது. 2014இல் அதைத் தளர்த்தினார்கள். காரணம் சுவாரசியமானது. மீண்டும் வாக்குக் கேட்டு வரத் தேவையில்லாத உறுப்பினர் வாக்காளரை ஏன் மதிக்க வேண்டும்? அவரது அடுத்த பதவியைத் தீர்மானிப்பது கட்சித் தலைமை. ஆகவே அவர் பார்ப்பது தலைவரின் முகத்தை.

அமெரிக்காவில் ஜனாதிபதிக்கான வரம்பு 1951இல் 22ஆவது திருத்தமாக வந்தது. பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் நான்கு தடவை தெரிவானதன் எதிரொலி அது. காங்கிரஸ் உறுப்பினர்களுக்கும் வரம்பு வேண்டும் என்று 1990களில் ஓர் அலை அடித்தது. 1994இல் வாஷிங்டன் மாநிலத்தில் சபாநாயகர் டொம் போலியே தோற்றார். பதவியில் உள்ள சபாநாயகர் ஒருவர் தன் ஆசனத்தை இழந்தது 1860களுக்குப் பின் அதுவே முதல் தடவை. அவர் பதவிக்கால வரம்புக்கு எதிரானவர். அவரை வென்ற ஜோர்ஜ் நெதர்கட், தான் மூன்று தடவைக்கு மேல் இருக்க மாட்டேன் என்று வாக்குறுதி கொடுத்து வந்தவர். 2000ஆம் ஆண்டு அந்த மூன்று தடவை முடிந்தது. அவர் நான்காவது தடவையும் போட்டியிட்டார். வென்றும் விட்டார்! இதற்கிடையில் 1995இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், காங்கிரஸ் உறுப்பினர்களுக்கு மாநிலங்கள் வரம்பு விதிக்க முடியாது என்று 5க்கு 4 எனத் தீர்ப்பளித்தது.

மாநில சபைகளில் மட்டும் வரம்பு நிலைத்தது. கலிபோர்னியா 1990இல் கீழ்ச்சபைக்கு ஆறு வருடம், மேற்சபைக்கு எட்டு வருடம் என்று கடுமையாகத் தொடங்கி, 2012இல் மொத்தம் 12 வருடம், அதை ஒரே சபையிலும் கழிக்கலாம் என்று மாற்றியது. வேலையைக் கற்றுக்கொள்ளும் முன்பே உறுப்பினர்கள் வீட்டுக்குப் போக, விடயம் தெரிந்தவர்களாக எஞ்சியவர்கள் அதிகாரிகளும் கம்பனிகளின் தரகர்களும்தான் என்பது அங்கே எழுந்த முறைப்பாடு.

எனது கருத்து இதுதான். நிறைவேற்று அதிகாரம் கையில் உள்ளவருக்கு வரம்பு அவசியம். இராணுவமும் பொலிஸும் திறைசேரியும் அவரிடம் இருக்கின்றன. தேர்தல் மூலம் மட்டும் அவரை இறக்க முடியும் என்று நம்பியிருக்க முடியாது. எம்.பி.யின் நிலை அதுவல்ல. 225 பேரில் ஒருவர் அவர். அவரை இறக்க விருப்பு வாக்கே போதும், 2024இல் நாம் அதைக் கண்டோம். சிறுபான்மைச் சமூகத்தின் எம்.பி. விடயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. நிலையியற் கட்டளை தெரிந்த, தெரிவுக்குழுவில் பேசத் தெரிந்த, அமைச்சின் கோப்பு எந்த மேசையில் தேங்கும் என்று தெரிந்த ஒருவரை உருவாக்கப் பத்து வருடங்கள் செல்லும். ஏ.சி.எஸ். ஹமீத் 1977 முதல் 1989 வரை வெளிநாட்டமைச்சராக இருந்தார். இரு தடவை வரம்பு இருந்திருந்தால், 1960 முதல் பாராளுமன்றத்தில் இருந்த அவர் 1977க்கு வெகு முன்பே வீட்டுக்குப் போயிருப்பார்.

அப்படியானால் இன்றைய பாதுகாப்பான ஆசனம் எது? தொகுதியில் தேடினால் கிடைக்காது. அது இரண்டு இடங்களில் இருக்கிறது.

முதலாவது தேசியப்பட்டியல். 29 ஆசனங்கள், வாக்காளரின் முகத்தைப் பார்க்கத் தேவையில்லை. அறிஞர்களுக்கும் எங்கும் பெரும்பான்மை இல்லாத சிறு குழுக்களுக்கும் இடம் கொடுக்கவே அது 1988இல் 14ஆவது திருத்தத்தின் மூலம் வந்தது. 2015இல் மக்கள் தோற்கடித்த சிலர் சில நாட்களிலேயே அதன் வழியாகத் திரும்பி வந்தார்கள். 2020இல் ஐ.தே.க. நாடு முழுவதும் சுமார் 2 சதவீத வாக்குகளே பெற்றது. கொழும்பில் ரணில் தோற்றார். கட்சிக்குக் கிடைத்த ஒரேயொரு தேசியப்பட்டியல் ஆசனம் பத்து மாதங்களுக்கு மேல் வெறுமையாகக் கிடந்தது. 2021 ஜூனில் அதில் அவர் அமர்ந்தார். 2022 ஜூலையில் ஜனாதிபதியானார். எந்தத் தொகுதியும் எவருக்கும் இவ்வளவு பாதுகாப்பாக இருந்ததில்லை. நம் கட்சிகளில் தேசியப்பட்டியல் ஆசனத்தை ஊர் ஊராகச் சுழற்சி முறையில் தருவதாகச் சொல்லி வாக்குக் கேட்பதும், தேர்தல் முடிந்ததும் ஊருக்கு ஊர் மனக்கசப்பு வளர்வதும் வாசகர்கள் அறியாததல்ல.

இரண்டாவது கட்சித் தலைமை. நாட்டின் ஜனாதிபதிக்கு இரு தடவை வரம்பு கேட்கும் நாம், கட்சித் தலைவருக்கு அதைக் கேட்பதில்லை. ரணில் 1994 முதல் ஐ.தே.க.வின் தலைவர். முஸ்லிம் காங்கிரஸின் தலைமை 2000 செப்டெம்பரில் எம்.எச்.எம். அஷ்ரப் மறைந்த பின் ரவூப் ஹக்கீமிடம் வந்தது, இன்றும் அவரிடமே இருக்கிறது. ஏனைய முஸ்லிம் கட்சிகள் அநேகமாக ஆரம்பித்தவரின் கையிலேயே இருக்கின்றன. வேட்பாளர் பட்டியலில் யார் பெயர் இருக்க வேண்டும் என்பதைத் தலைமை தீர்மானிக்கும்போது, வாக்காளருக்கு மிஞ்சுவது அந்தப் பட்டியலுக்குள் மூன்று இலக்கங்கள்தான். பதவிக்கால வரம்பு பற்றிப் பேச விரும்புவோர் முதலில் கட்சியின் யாப்பைக் கையில் எடுக்கலாம். அதற்குப் பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பெரும்பான்மையும் தேவையில்லை, சர்வஜன வாக்கெடுப்பும் தேவையில்லை. பேராளர் மாநாடே போதும்.

அஷ்ரபின் பெயர் வந்ததால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1978 அரசியலமைப்பில் மாவட்ட வெட்டுப்புள்ளி எட்டில் ஒன்று, அதாவது 12.5 சதவீதம். 1988 டிசம்பரில் 15ஆவது திருத்தம் அதை 5 சதவீதமாகக் குறைத்தது. பிரேமதாசவிடம் அஷ்ரப் கேட்டுப் பெற்றது என்று அது நினைவுகூரப்படுகிறது. அடுத்த பெப்ரவரியில் முஸ்லிம் காங்கிரஸ் 4 ஆசனங்களுடன் பாராளுமன்றம் நுழைந்தது. தேர்தல் முறை மாற்றம் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் இந்த 5 சதவீதத்தைத்தான் நாம் முதலில் பார்க்க வேண்டும். பழைய முகங்களை அகற்றுகிறோம் என்ற பெயரில் வெட்டுப்புள்ளி உயர்ந்தால், அகல்வது முகங்கள் மட்டுமல்ல. திகாமடுல்ல மாவட்டத்தில் முஸ்லிம்கள் ஏறத்தாழ 43 சதவீதம். அங்கும்கூட 2024இல் ஏழு ஆசனங்களில் நான்கு தேசிய மக்கள் சக்திக்குப் போனது. முஸ்லிம் கட்சிகளுக்கு இரண்டு, அவையும் இரண்டு வெவ்வேறு கட்சிகளுக்கு ஒவ்வொன்று. ஐந்து சதவீதமே இல்லாத மாவட்டங்களை நினைத்துப் பாருங்கள்.

கடைசியாக, வரம்பைப் பற்றிப் பேசும் எவரும் பேசாத ஒரு விடயம். தேர்தலை நடத்தாமல் விட்டால் எந்த வரம்புக்கும் அர்த்தமில்லை. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதே மாதம் மாகாண சபைத் தேர்தல் சட்டத்தில் திருத்தம் கொண்டு வரப்பட்டு, பாதி தொகுதிவாரியாக, பாதி விகிதாசாரமாக என்று முறை மாற்றப்பட்டது. புதிய தொகுதிகளுக்கான எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்தது. முஸ்லிம்களுக்கு அதில் நியாயம் இல்லை என்று நம் பிரதிநிதிகள் எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பில் நியாயம் இருந்தது. ஆதரவாக ஒரு வாக்கும் இல்லை, எதிராக 139. அறிக்கையைச் சமர்ப்பித்த அமைச்சரே எதிராக வாக்களித்தார். மீளாய்வுக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. புதிய எல்லையும் வரவில்லை, பழைய முறைக்குத் திரும்பவும் இல்லை. ஊவாவில் 2014 செப்டெம்பரில் நடந்ததே கடைசி மாகாண சபைத் தேர்தல். அன்று முதலாம் தரத்தில் சேர்ந்த பிள்ளைகள் சாதாரணதரப் பரீட்சையும் எழுதிவிட்டார்கள். மாகாணங்களை ஆளுநர்கள் நடத்துகிறார்கள். அவர்களுக்கு வாக்காளரும் இல்லை, தொகுதியும் இல்லை.